கபரேத்தே: காற்றின் நேரப்படி நடக்கும் ஊர்

கொண்டல் (டொரொன்டோ):

டொமினிக்கன் குடியரசுக்குப் போய் வந்தேன் என்றால், கையில் பட்டை கட்டிவிட்டு மூன்று வேளையும் சாப்பாடு போடும் பெரிய விடுதியா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட விடுதிகள் நிறைந்த புந்தா கானா பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். நான் போனது தீவின் வடகரையில் இருக்கும் கபரேத்தே. பெரிய பட்டம் இழுக்க, காலடியில் பலகையோடு நீரில் சறுக்கும் பட்டச் சறுக்கு (கைட்சர்ஃபிங்) பழகப் போனேன். புவேர்த்தோ பிளாத்தா விமான நிலையத்தில் இறங்கி, சொசுவா ஊரைத் தாண்டினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஊருக்கு ஒரே ஒரு பிரதான சாலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரியும் குன்றுகளும்.

காலையில் கடற்கரைக்குப் போகிறவர், காற்றைத் தேடி உலகமே வருவது இந்த இடத்துக்கா என்று சந்தேகப்படுவார். விரிகுடா அசையாமல் கிடக்கும். பலகைகள் மணலில் அடுக்கியிருக்கும். பயிற்சி கொடுக்கும் இளைஞர்கள் நிழலில் அமர்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். நண்பகலை நெருங்கும்போது தென்னை ஓலைகள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். பவளத் திட்டுக்கு அப்பால் வெள்ளை நுரை தெரியும். அதுவரை கால் நீட்டிக் கிடந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடிப் பட்டங்களுக்குக் காற்றடிக்க ஆரம்பிப்பார்கள்.

காரணத்தை எனக்கு மணலில் கோடு போட்டு விளக்கினார்கள். அட்லாண்டிக்கிலிருந்து கிழக்குத் தடக்காற்று ஆண்டின் பெரும்பகுதி வந்துகொண்டேயிருக்கிறது. வெயில் ஏறியதும் கரையும் பின்னால் உள்ள மலையடிவாரமும் சூடாகி, கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்றை இழுக்கின்றன. இரண்டும் சேரும்போதுதான் பிற்பகல் காற்று அவ்வளவு பலமாகிறது. அது கரையை ஒட்டிச் சற்றே நிலத்தை நோக்கி வீசுவதால், பலகையைத் தவறவிட்டவர் ஆழ்கடலுக்குப் போகாமல் கரைக்கே ஒதுங்குவார். பெரிய அலைகளை வெளியே இருக்கும் திட்டு உடைத்துவிடுகிறது. பழகுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? 1980களில் பாய்மரப் பலகைக்காரர்கள் இந்த இடத்தைக் கண்டுகொண்டதற்கும், பிறகு பட்டச் சறுக்குக்காரர்கள் மேற்கே உள்ள கைட் பீச்சை நிரப்பியதற்கும் இதுதான் காரணம்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கயேஹோன் தே லா லோமா குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். சாலைக்குப் பின்னால் இருக்கிறது அது. பயணிகள் அவ்வளவாக எட்டிப்பார்ப்பதில்லை. சிறுவனாக இருந்தபோது வெளிநாட்டவர்களின் பட்டங்களைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்து, அவர்கள் கழித்துப்போட்ட கிழிசலைத் தைத்து, அதிலேயே பழகியவர். முதல் நாள் பலகையை என் கண்ணிலேயே காட்டவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பட்டத்தைக் கழற்றிவிடும் சிவப்புப் பிடியைத் தேடித் தொடவைத்தார். திரும்பத் திரும்ப அதே பயிற்சிதான். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றக் கூடாது என்றார். பட்டம் துள்ளும்போது நம் கைகள் தாமாகவே பட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பியை இழுக்கப் பார்க்கும். விட்டால்தான் அது அடங்கும் என்பதை உடம்புக்குப் புரியவைக்க அவர் காட்டிய பொறுமையை நான் மறக்க மாட்டேன். அதன் பிறகு பலகை இல்லாமல், பட்டம் இழுக்க இழுக்க நீரில் படுத்தபடி போகும் பயிற்சி. வாயெல்லாம் உப்பு, மனமெல்லாம் மகிழ்ச்சி.

ஒரு நாள் கைபேசியில் நல்ல காற்று என்று காட்டியது. அவர் விடியலிலிருந்து குன்றின் மேல் விலகாமல் நின்ற மேகத்தைப் பார்த்துவிட்டு, நிலம் சூடேறாது, இன்று இல்லை என்றார். மாலைவரை ஓலைகூட அசையவில்லை. வல்வெட்டித்துறையில் என் அப்பப்பா கச்சான் காற்று எழும்புமா என்று வானத்தைப் பார்த்துச் சொல்லுவது போலவே இருந்தது. காற்று வராத அந்தப் பிற்பகலில்தான் அவருடைய அம்மாவைச் சந்தித்தேன், வீட்டு வாசலில் அண்டை வீட்டார் தகரம் அதிர டொமினோ ஆடுவதைப் பார்த்தேன், பிள்ளைகளின் பெயர்களைத் தெரிந்துகொண்டேன். தெருமுனை மளிகைக் கடையில் பச்சாத்தா பாட்டு நிற்கவேயில்லை.

அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு டெயுரி கோர்னியேல் என்ற பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறது. 2018இல் புவெனஸ் ஐரிஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் பட்டச் சறுக்கில் தங்கம் வென்றவர் அவர். கரையில் உள்ள பள்ளிகள் பலவற்றை நடத்துவோர் ஐரோப்பியரும் வட அமெரிக்கரும். போகிறவர்கள் உள்ளூர்ப் பயிற்சியாளரைக் கேட்டு வாங்குங்கள், அவருக்குத் தனியாகவும் கொடுங்கள். அந்தக் கடலைப் படித்தவர்கள் அவர்கள்தான்.

உப்புக்காரி (மொன்றியல்):

கொண்டல் அக்கா, நான் கடலில் இறங்கவே இல்லை. என் கணவர் பலகையோடு போய்விடுவார். நானும் மாமியாரும் கரையில் இருப்போம். மாமியார் சைவம். என்ன சாப்பிடுவாரோ என்று விமானத்திலேயே எனக்குக் கவலை தொடங்கிவிட்டது.

நாங்கள் தங்கிய சிறிய விடுதியில் சமைக்கும் பெண்மணிக்கு ஸ்பானிஷ் மட்டும் தெரியும், மாமியாருக்குத் தமிழ் மட்டும் தெரியும். மறுநாள் காலையே இருவரும் சமையலறையில் ஒன்றாக நின்றார்கள். பச்சை வாழைக்காயை வேகவைத்து, வெந்த நீரையே கொஞ்சம் விட்டு, வெண்ணெயோடு மசித்து, மேலே வினிகரில் வதக்கிய சிவப்பு வெங்காயத்தைப் போடுகிறார்கள், அதுதான் மங்கு. வழக்கமாகப் பொரித்த சலாமி, பாலாடைக்கட்டி, முட்டை மூன்றும் கூட வரும். மாமியாருக்குப் பாலாடைக்கட்டி மட்டும். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்து மிளகாய்ப்பொடியை எடுத்துத் தூவினார். அங்கே சமையலில் காரம் கிடையாது. அந்த அம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, கண்ணில் நீர் வழிய, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிளம்பும்போது பொடி முழுவதையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சோறும் சிவப்பு அவரை விதையும் எங்கும் கிடைக்கும், ஆனால் அவரையில் சில இடங்களில் இறைச்சி சேர்க்கிறார்கள். கேட்காமல் வாங்காதீர்கள். தட்டிப் பொரித்த வாழைக்காய், வெண்ணெய்ப்பழம், மரவள்ளி ரொட்டி ஆகியவற்றை வைத்தே ஒரு வாரம் நிம்மதியாக ஓட்டலாம். சினோலா என்று கேட்டால் தாட்பூட்பழச் சாறு கொடுப்பார்கள். மாமியார் நாளும் அதைத்தான் குடித்தார்.

வழிப்போக்கன் (ஹூஸ்டன்):

நான் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அலைச்சறுக்கு பழகியவன். கபரேத்தேக்கு மேற்கே, சொசுவா போகும் வழியில் என்குவென்ட்ரோ என்ற கடற்கரை இருக்கிறது. அங்கே நேரம் தலைகீழ். விடியும்போதே நீரில் இருக்க வேண்டும். முற்பகலில் காற்று எழுந்ததும் அலை கலைந்துவிடும், எல்லோரும் கரையேறிவிடுவார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் அலைகள் நல்ல உயரம். அடியில் பாறையும் கடல் முள்ளெலிகளும் இருப்பதால் காலுக்கு ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்வது நல்லது. குடிசை போன்ற பயிற்சிப் பள்ளிகள் மரங்களுக்கு அடியில் வரிசையாக இருக்கின்றன. அங்கே அமர்ந்து மற்றவர்கள் அலையில் எழுவதைப் பார்ப்பதே எனக்குப் பெரிய பாடமாக இருந்தது.

அலையைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஊருக்கு ஊர் போக குவாகுவா என்ற சிற்றுந்துதான். கை காட்டினால் நிற்கும், இருவர் இடத்தில் நால்வர் உட்காருவார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரு பிற்பகல் சொசுவாவிலிருந்து திரும்பும்போது சீருடையினர் சிலர் வண்டியை நிறுத்தினார்கள். உள்ளே எட்டிப்பார்த்து, கறுத்த தோல் உள்ளவர்களிடம் மட்டும் காகிதம் கேட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள், கடவுச்சீட்டின் நகலைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் சிமென்ட் படிந்த கையோடு ஓர் இளைஞர் இருந்தார். அதே தீவின் மேற்கில் உள்ள ஹெயித்தி நாட்டவர். காலையில் அவர் எனக்காக நகர்ந்து இடம் கொடுத்தவர். அவரை இறக்கிவிட்டார்கள். வண்டி புறப்பட்டது, உள்ளே யாரும் பேசவில்லை. முன்னிருக்கையில் இருந்த பாட்டி மட்டும் அவர் விட்டுப்போன பையைச் சன்னல் வழியாக நீட்டச் சொல்லி ஓட்டுநரை நிறுத்தவைத்தார். அந்தப் பாட்டி டொமினிக்கர்.

இது அங்கே தனித்த நிகழ்ச்சி இல்லை. 2013இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், 1929க்குப் பிறகு ஆவணமற்ற பெற்றோருக்குப் பிறந்தவர்கள் குடிமக்கள் ஆகமாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. ஹெயித்திய வம்சாவளியினர் மிகப் பலர் நாடற்றவர்கள் ஆனார்கள். நம்மவர்களுக்கு, நாடற்றவர்களாக்கப்பட்ட இலங்கை மலையகத் தமிழரை நினைத்தால், இந்தச் சொல்லின் எடை தெரியும். சொசுவாவில் ஒரு சிறிய யூத அருங்காட்சியகம் இருக்கிறது. ஹிட்லருக்குத் தப்பிய யூதர்களுக்கு வேறு நாடுகள் கதவைச் சாத்தியபோது, 1938 எவியான் மாநாட்டில் ஒரு லட்சம் பேர்வரை ஏற்பதாக டொமினிக்கன் அரசு முன்வந்தது. 1940இல் முதல் குடும்பங்கள் சொசுவாவில் குடியேறின. அவர்கள் தொடங்கிய பால் பண்ணையின் பெயர் இன்றும் நாடெங்கும் தெரியும். அந்த வாக்குறுதியைத் தந்த அரசைத் தன் பிடியில் வைத்திருந்த த்ருஹியோதான் 1937இல் எல்லைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெயித்தியர்களைக் கொல்லவைத்த சர்வாதிகாரி. அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்த அதே நாளில் அந்த இளைஞரை இறக்கியதையும் பார்த்தேன். போகிறவர்கள் கட்டாயம் சொசுவாவுக்கும் போங்கள். கடற்கரையில் ஓவியம் விற்கும், கட்டடம் கட்டும், இளநீர் வெட்டும் ஹெயித்தியர்களிடம் நின்று பேசுங்கள். கறுத்த தோல் உள்ள நாம் எல்லோரும் கடவுச்சீட்டின் நகலை எப்போதும் கையில் வைத்திருப்பது நல்லது.

மழைக்குருவி (சென்னை):

அக்கா, அண்ணா, மிகவும் நன்றி. இரண்டு சிறு பிள்ளைகளோடு அமெரிக்காவில் இருக்கும் தங்கையிடம் போகிறோம், அங்கிருந்து கபரேத்தே போக ஆசை. எந்த மாதம் சரி? இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டுமா?

கொண்டல் (டொரொன்டோ):

வழிப்போக்கன் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நானும் அந்தச் சாலையில் போனேன். எனக்கு அந்த நிறுத்தம் நேரவில்லை. எழுதியது நல்லது.

மழைக்குருவி, செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது கனடா விசா கடவுச்சீட்டில் இருந்தால் தனி விசா தேவைப்படுவதில்லை. ஆனாலும் டிக்கெட் எடுக்கும்முன் விமான நிறுவனத்திடம் உறுதிப்படுத்துங்கள். நுழைவதற்கு முன் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளங்கள் போலியானவை.

ஜூன் முதல் ஆகஸ்ட்வரை காற்று மிகவும் உறுதியாக இருக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல்வரை காற்றோடு வடக்கு அலையும் சேரும். செப்டம்பர், அக்டோபரில் புயல் அபாயம் கூடும், ஊரும் அமைதியாக இருக்கும். பிள்ளைகளோடு என்றால் காலை வேளைகளை விரிகுடாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீர் வெதுவெதுப்பு, அலை இல்லை. காற்று எழுந்ததும் எல் சோக்கோ தேசியப் பூங்காவின் குகைகளுக்குப் போகலாம், வழிகாட்டியோடுதான் விடுவார்கள். உள்ளே குளிர்ந்த நீர்க்குளம் இருக்கிறது, பெரிய பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கிழக்கே யாசிக்கா ஆறு கடலில் சேரும் லா போகாவில் நீர் சமமாக இருக்கும், அங்கே மீன் சாப்பிடலாம்.

பலகை வாடகைக்கு எடுத்தால், வாங்கும்போதே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவையுங்கள். பழைய கீறலுக்கு என்னிடம் ஓர் இடத்தில் பணம் கேட்டார்கள், படத்தைக் காட்டியதும் பேசாமல் விட்டுவிட்டார்கள். பிற்பகலில் கைட் பீச்சின் மணலில் பிள்ளைகளை விளையாட விடவே வேண்டாம். பட்டக் கயிறு ஒவ்வொன்றும் இருபது மீட்டருக்கு மேல், இறுகும்போது கத்தியாக அறுக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.