கிராத்தன் தொஃபினுவா: பால் திரிகிறது, கிழங்கு வேகவில்லை. உதவி தேவை

இசேர்க்கரை – சனி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். பிரான்சில் கிரெனோபிளுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உருளைக்கிழங்கை மெல்லிசாக நறுக்கி, பால், கிரீம், பூண்டு சேர்த்து ஓவனில் வேகவைக்கும் கிராத்தன் தொஃபினுவா இந்த வட்டாரத்துச் சாப்பாடு. இன்று இரண்டாவது தடவையாகச் செய்தேன். இரண்டு தடவையும் ஒரே மாதிரி கெட்டுப்போனது.

மேலே ஓரமெல்லாம் கருகிவிட்டது. கரண்டியால் விலக்கிப் பார்த்தால் பன்னீருக்குத் திரித்த பால் மாதிரி வெள்ளைக் கட்டிகள். அவற்றைச் சுற்றி மஞ்சளாகத் தண்ணீர். கிழங்கைக் கத்தியால் குத்தினால் நறுக்கென்று சத்தம் வருகிறது. 50 நிமிடம் ஓவனில் இருந்த கிழங்கு அது!

நான் செய்தது: ஒரு கிலோ சார்லோத் கிழங்கு, நீல மூடிப் பால் அரை லிட்டர், கெட்டியான லெஜேர் கிரீம் (15% கொழுப்பு) 200 மி.லி., இரண்டு பல் பூண்டு, உப்பு, மிளகு. ஓவன் 200 டிகிரி, காற்றாடி ஓடும் முறை. பாத்திரம் ஆழமான கண்ணாடிக் கிண்ணம்.

இது ஏன் எனக்கு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே வந்த முதல் மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது, கீழ் வீட்டு மதாம் ஒரு மண் பாத்திரத்தில் இதைத்தான் கொண்டுவந்து கொடுத்தார். அன்று அந்தப் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். போன மாதமும் அதே பாத்திரத்தில் கொடுத்தார். அதற்கு மறுவாரம் படியில் விழுந்து அவருக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. கத்தி பிடிக்க முடியாது. அவருடைய பாத்திரம் என் அலமாரியில் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு மதியம் அவருக்குப் பிடித்ததையே அதில் செய்து கொடுக்க வேண்டும். எங்கே தப்பு செய்கிறேன்?

துலூஸ் மாணவன் – சனி, இரவு 10.40

சூடு அதிகம். காற்றாடி ஓடும்போது 200 என்பது சாதாரண முறையில் 220 மாதிரி. மேல்பக்கம் கருகும், உள்ளே வேகாது. நான் 180-இல் வைப்பேன். மேலே துருவிய எமென்தால் சீஸ் ஒரு கை தூவினால் கருகாமல் பொன்னிறமாக வரும்.

புதுவைக்காரி – சனி, இரவு 11.05

சூடு ஒரு காரணம்தான், ஆனால் 50 நிமிடத்துக்குப் பிறகும் நறுக்கென்று இருப்பதற்கு அது மட்டும் போதாது. இரண்டு கேள்வி. நறுக்கிய கிழங்கைத் தண்ணீரில் போட்டு வைத்தீர்களா? எவ்வளவு தடிமனாக நறுக்கினீர்கள்?

இசேர்க்கரை – சனி, இரவு 11.20

ஆமாம் அக்கா. கையால்தான் நறுக்கினேன், அரை சென்டிமீட்டர் இருக்கும். வறுவலுக்குப் போடுவது போலத் தண்ணீரில் போட்டேன். முதல் தடவை கிழங்கு கொஞ்சம் கறுத்ததால் தண்ணீரில் ஒரு முழு எலுமிச்சையும் பிழிந்துவிட்டேன். இன்றும் அப்படித்தான். இருபது நிமிடம் ஊறியது. பிறகு வடித்து அப்படியே பாத்திரத்தில் அடுக்கினேன்.

புதுவைக்காரி – சனி, இரவு 11.50

சரி, கிடைத்துவிட்டது. எலுமிச்சைதான்.

நம் வீட்டில் சாம்பார் வைக்கும்போது புளியை எப்போது ஊற்றுவோம்? காய் வெந்த பிறகு. முன்னாடியே ஊற்றினால் காய் வேகாது என்று அம்மா சொல்லியிருப்பார். அதே கதைதான் இங்கேயும். காயின் செல்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின். சூட்டில் அது கரைந்தால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். புளிப்பு பட்டால் பெக்டின் சுலபமாகக் கரையாது. எலுமிச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறிய கிழங்கு, புளியில் போட்ட பச்சைக் கிழங்குதான்.

பால் திரிந்ததற்கும் அதே எலுமிச்சை ஒரு காரணம். நீங்களே பன்னீர் என்று எழுதியிருக்கிறீர்கள்; பன்னீர் செய்ய நாம் என்ன செய்வோம், கொதிக்கிற பாலில் எலுமிச்சை பிழிவோம். வடித்தாலும் துண்டுகளின் மேல் புளிப்பு ஒட்டிக்கொண்டு வரும். 200 டிகிரியில் பால் கொதிக்கும்போது அது வேலையைக் காட்டிவிடும்.

இன்னொன்று. வெறும் தண்ணீரில்கூட ஊறவைக்காதீர்கள். வறுவலுக்கு நாம் கழுவுவது மாவுச்சத்து போய் மொறுமொறுப்பாக வருவதற்காக. கிராத்தனில் அந்த மாவுச்சத்துதான் வேண்டும். சாதம் வடித்த கஞ்சி ஆறினால் கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். கிழங்கின் மாவுச்சத்தும் 60–70 டிகிரியில் பாலை உறிஞ்சி உப்பி, அப்படித்தான் கெட்டியாக்கும். கழுவிவிட்டால் கடைசி வரை தண்ணீராகவே நிற்கும்.

தோல் சீவியதும் முழுக் கிழங்கைக் கழுவி, துணியால் துடைத்து, அப்புறம் நறுக்குங்கள். நறுக்க நறுக்க நேராகப் பாலில் போடுங்கள். பாலுக்குள் மூழ்கிவிட்டால் கறுக்காது, எலுமிச்சையே தேவைப்படாது.

குசினி அண்ணன் – ஞாயிறு, காலை 1.30

இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்தனான். பாரிஸ் உணவகக் குசினியில் 18 வருடம். தங்கச்சி, அக்கா சொன்னது முழுக்கச் சரி. மிச்சத்தை நான் சொல்லுறன்.

முதலில் பால். நீல மூடி என்றால் பாதிக் கொழுப்பு எடுத்த பால், பச்சை மூடி கொழுப்பே இல்லாதது. உங்களுக்கு வேண்டியது சிவப்பு மூடி, முழுப் பால். கிரீமும் அப்படித்தான்: பெட்டியில் 'லெஜேர்' என்று இருந்தால் வைத்துவிட்டு 'அந்தியேர்' என்று எழுதினதை எடுங்கோ, 30% கொழுப்பு இருக்க வேண்டும். கொழுப்பு கூடினால் கிரீமில் திரியக்கூடிய புரதம் குறைவு, சூட்டைத் தாங்கும். நீங்கள் வாங்கின கெட்டி கிரீம் பெரும்பாலும் புளிக்க வைத்தது. கொழுப்பும் குறைவு, புளிப்பும் இருக்கு, மேலே எலுமிச்சை வேறு. திரியாமல் என்ன செய்யும்? திரவக் கிரீம் வாங்குங்கோ.

கிழங்கு: சார்லோத் கெட்டி இனம், அவித்தாலும் உருக்குலையாது, சாலட்டுக்கு நல்லது. இதற்கு மாவுத்தன்மை உள்ளது வேண்டும். மொனாலிசா, அக்ரியா, பின்ட்ஜ், எது கிடைத்தாலும் சரி. பையிலேயே எந்தச் சமையலுக்கு என்று எழுதியிருக்கும், பாருங்கோ. 3 மி.மீ. தடிமன், எல்லாத் துண்டும் ஒரே அளவு. சிப்ஸ் சீவுற கட்டை ஒன்று வாங்கினால் வேலை சுலபம். விரலைக் கவனியுங்கோ.

நான் செய்யிற விதம் இது. ஒரு கிலோ கிழங்குக்குக் கிரீம் 400 மி.லி., பால் 400 மி.லி., உப்பு 10 கிராம், மிளகு, ஜாதிக்காய் இரண்டு தரம் உரசினது. அகலமான சட்டியில் பாலையும் கிரீமையும் சூடாக்கிக் கிழங்கைப் போடுங்கோ. சின்னத் தீயில் 8–10 நிமிடம். அடி பிடிக்கும், மரக்கரண்டியால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்ட வேண்டும். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு கீறினால் கோடு மூடாமல் நிற்கும். அதுதான் பதம், இறக்குங்கோ.

ஓவன் பாத்திரத்தில் பூண்டை வெட்டின பக்கத்தால் நன்றாகத் தேய்த்து, வெண்ணெய் பூசுங்கோ. கிழங்கு 5 செ.மீ. உயரத்துக்கு மேலே போகக் கூடாது. ஆழமான கிண்ணத்தில் நடு வேகிறதுக்குள் மேல் கருகிவிடும். பிறகு 150–160 டிகிரியில் ஒரு மணி நேரம். ஓரத்தில் மெதுவாகக் குமிழ் வர வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. நடுவில் குத்தின கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் முடிந்தது. எடுத்த உடனே வெட்டாமல் 15 நிமிடம் ஆறவிடுங்கோ. சூட்டோடு பார்த்தால் தண்ணியாகத்தான் தெரியும், ஆற ஆற இறுகும்.

துலூஸ் மாணவன் – ஞாயிறு, காலை 9.10

அண்ணா, அப்போ சீஸ் கிடையாதா? இங்கே பள்ளி கேன்டீனில் இருந்து நண்பர்கள் வீடு வரை எல்லோரும் போடுகிறார்களே.

குசினி அண்ணன் – ஞாயிறு, காலை 11.00

போட்டால் ருசியாகத்தான் இருக்கும் தம்பி, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்துச் சவுவா பகுதியில் போஃபோர் சீஸும் இறைச்சி அவித்த சாறும் ஊற்றிச் செய்வார்கள், அது கிராத்தன் சவுவாயார். தொஃபினே மண்ணின் பழைய ஆட்களுக்குப் பால், கிரீம், பூண்டு, அவ்வளவுதான். தங்கச்சி கொடுக்கப் போறது கிரெனோபிளில் வாழுற வயசான மதாமுக்கு. அங்கே சீஸ் தூவிக் கொண்டுபோக வேண்டாம்.

புதுவைக்காரி – ஞாயிறு, மதியம் 12.20

தொஃபினே என்பது கிரெனோபிளைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய மாகாணம். இப்போதைய இசேர், துரோம், ஓத்-ஆல்ப் மாவட்டங்கள். இந்தப் பதார்த்தம் பெயரோடு முதலில் பதிவானது 1788 ஜூலை 12 அன்று, கப் நகரத்தில் கிளெர்மோன்-தொன்னேர் கோமகன் நகராட்சி அதிகாரிகளுக்குக் கொடுத்த விருந்தில். பிரெஞ்சுப் புரட்சிக்கு ஒரு வருடம் முன்னால்.

'கிராத்தன்' என்ற சொல்லே சுரண்டுவதிலிருந்து வந்தது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்ததைச் சுரண்டி எடுப்பது. எங்கள் வீட்டில் பால்கோவா கிளறிய சட்டியைச் சுரண்டுவதற்குச் சண்டையே நடக்கும், அதனால் இந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அண்ணன் சொன்ன பின்ட்ஜ் பற்றியும் ஒன்று. நெதர்லாந்தில் ஃப்ரீஸ்லாந்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர் 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ரகம் அது. தன் மாணவி ஒருத்தியின் பெயரை வைத்தார்.

இசேர்க்கரை – அடுத்த ஞாயிறு, காலை 9.35

அவசரம்! பின்ட்ஜ் கிடைத்தது, சிவப்பு மூடி, அந்தியேர் கிரீம் எல்லாம் வாங்கிவிட்டேன். எலுமிச்சைப் பக்கமே போகவில்லை. அடுப்பில் ஏழு நிமிடம்தான் ஆகிறது, அதற்குள் ரொம்பக் கெட்டியாகி, கூழ் மாதிரிக் கிழங்கில் ஒட்டிக்கொண்டது. நாலைந்து துண்டு உடைந்தும் விட்டது. இப்படியே ஓவனில் வைக்கலாமா?

குசினி அண்ணன் – அதே நாள், காலை 9.41

பயப்படாதீங்கோ, மாவுத்தன்மையான கிழங்கு அப்படித்தான் இழுக்கும். அடுப்பை அணையுங்கோ. சூடான பால் 100 மி.லி. ஊற்றிப் பாத்திரத்தை ஆட்டிவிடுங்கோ, கரண்டி போட வேண்டாம். ஓவன் பாத்திரத்தில் கொட்டின பிறகு பால் மேல் அடுக்கைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். நின்றால் சரி. உடைந்ததெல்லாம் கீழே போகட்டும், முழுத் துண்டுகளை மேலே அடுக்குங்கோ.

இசேர்க்கரை – அதே நாள், மாலை 5.20

வந்துவிட்டது!

150-இல் ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. மேலே பொன்னிறம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கரும்பழுப்பு. கத்தி தடையே இல்லாமல் இறங்கியது. வெளியே எடுத்தபோது ஆட்டினால் தளும்பியது, மனசு ஒரு நிமிடம் உடைந்துபோனது. அண்ணன் சொன்னபடி 15 நிமிடம் விட்டேன். அப்புறம் ஒரு துண்டு வெட்டி எடுத்தால், அடுக்கு அடுக்காக, பிரியாமல் நின்றது. கட்டியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

மண் பாத்திரத்தைத் துணியில் சுற்றிக் கீழே கொண்டுபோனேன். மதாம் மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்த்தார். “பூண்டைத் தேய்த்தாயா, நறுக்கிப் போட்டாயா?” என்று கேட்டார். தேய்த்தேன் என்றதும் தலையை ஆட்டினார். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். ஜாதிக்காய் மட்டும் அவருக்கு வேண்டாமாம், அவருடைய அம்மா போட்டதில்லையாம். கடைசியில் ஒரு மூலையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, ஸ்பூனோடு என்னிடம் நீட்டினார். அக்கா, நீங்கள் எழுதியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பாத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. “உன் வீட்டிலேயே இருக்கட்டும், கை சரியாகும் வரை நீதான் செய்ய வேண்டும்” என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பாதி மிச்சம் இருக்கிறது. அவர் தனியாக இருக்கிறார், நாளைக்கு எப்படிச் சூடாக்குவது? மைக்ரோவேவில் வைத்தால் மறுபடி பிரிந்துவிடுமா?

குசினி அண்ணன் – அதே நாள், இரவு 11.50

சந்தோசம் தங்கச்சி. மைக்ரோவேவில் முழுச் சூட்டில் வைத்தால் நெய் பிரிந்து மிதக்கும். ஆறினதும் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கோ, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கோ. நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் மேலே தெளித்து, அலுமினியத் தாளால் மூடி, 140 டிகிரியில் 25 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் தாளை எடுத்துவிடுங்கோ. மண் பாத்திரம் குளிராக இருக்கும்போது சூடான ஓவனுக்குள் வைக்க வேண்டாம், வெடிக்கும். பாத்திரத்தை உள்ளே வைத்த பிறகு ஓவனைப் போடுங்கோ.