ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் 26 வயதில் கை கால் மூட்டு வலி: அடுத்து என்ன பார்க்க வேண்டும்?

தென்னங்கீற்று (கேள்வி)

வணக்கம். தங்கைக்கு வயது 26. நாலைந்து மாதமாக முழங்கால், மணிக்கட்டு, தோள் என்று இடம் மாறி மாறி வலி. சில நாள் தொடையும் முன்கையும் குடைகின்றன. அடிபடவில்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, முடக்குவாதத்துக்கான ஆர்ஏ ஃபேக்டர், யூரிக் ஆசிட் எல்லாம் வரம்புக்குள். முழங்கால் எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. ஏஎன்ஏ (தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் டெஸ்ட்) மட்டும் 1:80 பாசிட்டிவ், ஏஎஸ்ஓ கொஞ்சம் கூட. ஒருவர் "டென்ஷன்தான்" என்கிறார், இன்னொருவர் "லூபஸாக இருக்கலாம்" (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) என்று பயமுறுத்துகிறார். வலி மாத்திரை போட்டால் கொஞ்சம் தணிகிறது, நிறுத்தினால் மறுபடி. மூட்டுவாத நிபுணரிடம் போவதற்கு முன் எதைக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்? இன்னும் ஏதாவது டெஸ்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டுமா?

வைகறை

டெஸ்டை அப்புறம் பார்க்கலாம். எந்த டெஸ்ட் தேவை என்பதை வலியின் நேரமும் இடமும்தான் சொல்லும். நிபுணரும் முதலில் அதைத்தான் கேட்பார்.

முதல் கேள்வி: காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது? "கொஞ்ச நேரம்" என்று சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், நடமாட நடமாட இளகுகிறது, சும்மா உட்கார்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது என்றால் அது அழற்சியின் பக்கம். பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது, வேலை செய்யச் செய்ய வலி ஏறுகிறது, சாயங்காலம்தான் மோசம் என்றால் தசை, தசைநார், மூட்டின் மீது விழும் பளு இவற்றின் பக்கம்.

இரண்டாவது, வீக்கம். "வீங்கின மாதிரி இருக்கு" என்பது வேறு, கண்ணுக்குத் தெரியும் வீக்கம் வேறு. வீங்கும் நாளில் இரண்டு முழங்காலையும் அல்லது இரண்டு கையையும் சேர்த்து ஒரே படத்தில் வரும்படி புகைப்படம் எடுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வற்றியிருக்கும்; அப்போது அந்தப் படம்தான் சாட்சி. கையில் என்றால் விரல்கள் உள்ளங்கையோடு சேரும் நான்கு கணுக்களையும் குறுக்காகப் பிடித்து, கைகுலுக்கும் அளவுக்கு அழுத்திப் பாருங்கள். துள்ளும் அளவுக்கு வலித்தால் அதையும் குறியுங்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம், ஆரம்பத்தில் தட்டுப்படும் இடம் அது. ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்பதால் அந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஆரம்ப கட்டத்தில் பலருக்கு நெகட்டிவாகவே இருக்கும். சந்தேகம் வலுத்தால் ஆன்டி-சிசிபி என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்பார்கள்.

மூன்றாவது, முதுகு. இளவயதினரிடம் அதிகம் தவறிப்போவது இதுதான். அடிமுதுகோ பிட்டமோ மூன்று மாதத்துக்கு மேலாக வலிக்கிறதா, வலது இடது என்று மாறுகிறதா, இரவின் பின்பாதியில் எழுப்பிவிடுகிறதா, எழுந்து நடந்தால் குறைகிறதா? குதிகால் வலி, ஒரு விரல் முழுக்கத் தடித்துப்போவது, கண் சிவந்து கூசி வலிப்பது, தலையிலோ முழங்கையிலோ செதில் படை, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் யாருக்காவது இப்படி. இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தால் முதுகெலும்பையும் மூட்டையும் தாக்கும் அழற்சி நோயான ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸைத் தேட வேண்டும். இதில் சிஆர்பி நார்மலாகவே இருப்பவர்கள் நிறைய. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வருடக்கணக்கில் ஆகலாம். எம்ஆர்ஐ எடுத்தால் சாக்ரோஇலியாக் மூட்டுக்கு (முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் இடம்) என்று கேட்டு எடுக்க வேண்டும். வழக்கமான அடிமுதுகு எம்ஆர்ஐயில் அந்த மூட்டு சரியாக விழாது, "டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது" என்ற வரியோடு ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார். எச்எல்ஏ-பி27 பாசிட்டிவ் என்றாலும் அதுவே நோய் ஆகாது. அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதேயில்லை.

கடைசியாக, தொடங்குவதற்கு முன் என்ன நடந்தது? சிக்குன்குன்யா மாதிரி காய்ச்சல் வந்திருந்தால் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கும். வயிற்றுப்போக்கோ சிறுநீர்த் தொற்றோ வந்து ஒன்று முதல் நாலு வாரத்தில் முழங்கால் வீங்கினால் ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ். மருந்துப் பட்டியலையும் எழுதுங்கள்: முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் தசையிலும் முதுகிலும் வலி தரும், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை தசைநாண்களைப் பாதிக்கும். ஸ்டீராய்டு எடுத்தவருக்குத் தொடை இடுக்கில் வலி வந்தால் எக்ஸ்ரே நார்மல் என்று விட்டுவிடக் கூடாது; இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் சிதையத் தொடங்குவது முதலில் எம்ஆர்ஐயில்தான் தெரியும்.

சோதனைக்குழாய்

ஆய்வகப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்த ஏஎன்ஏவையும் ஏஎஸ்ஓவையும் பார்த்து யாரும் தூக்கம் தொலைக்க வேண்டாம்.

ஏஎன்ஏ 1:80 என்பது எந்த நோயும் இல்லாத ஆட்களிலேயே நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு வரும். 1:160 கூட 5 பேருக்கு வரும். லூபஸ் என்று சொல்ல, அதோடு வேறு ஏதாவது கூட வர வேண்டும்: வெயில் பட்டால் கன்னத்தில் தடிப்பு, வலிக்காத வாய்ப்புண், குளிரில் விரல் வெளுத்து நீலமாவது, அணுக்கள் குறைவது, சிறுநீரில் புரதம். எனவே இன்னும் ஒன்றே ஒன்று எடுக்கலாம் என்றால் அது சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை. மலிவானது, ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். அது சுத்தமாக இருந்து, மேலே சொன்ன அறிகுறியும் இல்லையென்றால் ஏஎன்ஏவை மாதாமாதம் திருப்பி எடுப்பதில் ஒரு பயனும் இல்லை. டைட்டர் (1:80 என்ற அந்த அளவு) கொஞ்சம் ஏறும், இறங்கும். அதற்கு அர்த்தம் தேடி அலைவதுதான் மிச்சம்.

ஏஎஸ்ஓ சமீபத்தில் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்துபோனதைச் சொல்லும், அவ்வளவே. அந்தத் தொற்றைத் தொடர்ந்து வரக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் முதலில் வருவது. அதன் மூட்டுவலி ஒவ்வொரு மூட்டிலும் சில நாள் நின்று தாவும், சில வாரத்தில் அடங்கும். ஐந்து மாதம் இழுப்பது அதன் குணம் அல்ல. ஏஎஸ்ஓ எண்ணை மட்டும் வைத்து மாதாமாதம் பென்சிலின் ஊசி போடச் சொன்னால், எந்த அளவுகோலின்படி ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவு செய்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி, விட்டுப்போனவை. 25-ஹைட்ராக்ஸி விட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், டிஎஸ்எச் (தைராய்டு), சிகே (தசைச் சேதம்), ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு). தொடை குடைகிறது என்றீர்கள் அல்லவா, குந்தியிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் அழுத்தினாலும் வலிக்கிறது, ஆல்கலைன் பாஸ்படேஸ் கூடியிருக்கிறது, விட்டமின் டி 12 நானோகிராமுக்கும் கீழே என்றால் ஆஸ்டியோமலேசியா, அதாவது எலும்பு மென்மையாதல். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆனால் டி அளவு 22, 24 என்று இருந்தால் இந்த வலிக்கெல்லாம் அதுதான் காரணம் என்று அதன்மேல் பழி போட வேண்டாம். 60,000 யூனிட் மாத்திரை வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகச் சேதம் வரை போகும். சீட்டில் உள்ள "வாரம்" என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு வையுங்கள்.

சிகே எடுப்பதற்கு முன் மூன்று நாளாவது கடும் உடற்பயிற்சியும் தசையில் ஊசியும் வேண்டாம். இரண்டுமே அளவை ஏற்றிவிடும். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் ஆய்வகத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள், டிஎஸ்எச் முடிவைத் தப்பாகக் காட்டும்.

வைகறை

இதைச் சேர்க்க மறந்தால் தப்பு. கீழே உள்ளவை வந்தால் நிபுணரின் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரே ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கி, அசைக்கவே முடியாமல், கூடக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு. மூட்டுக்குள் சீழ் வைத்தால் சில நாளில் குருத்தெலும்பு போய்விடும். ஒரே எலும்பில், ஒரே இடத்தில், ஓய்விலும் இரவிலும் விடாமல் நாளுக்கு நாள் ஏறும் வலி, குறிப்பாகத் தட்டுப்படும் கட்டியோடு இருந்தால் உடனே எக்ஸ்ரே. எலும்புப் புற்று இளவயதிலும் வரும் நோய். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டா என்று பார்க்க வேண்டும். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனாலும், மலவாய்ப் பகுதி மரத்துச் சிறுநீர் அடைத்தாலும் தாமதிக்கவே கூடாது.

தென்னங்கீற்று

எல்லோருக்கும் மிக்க நன்றி. கேட்டுப் பார்த்தேன். காலை இறுக்கம் பத்து நிமிடம்கூட இல்லை. வீக்கம் இல்லை, முதுகு வலி இல்லை. விரல் கணுக்களை அழுத்தினால் வலிக்கவில்லை, குந்தி எழவும் முடிகிறது. சாயங்காலம்தான் மோசம், நிறைய நடந்த மறுநாள் இன்னும் மோசம். தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லையாம். சின்ன வயதிலிருந்தே கட்டை விரலை வளைத்து முன்கையைத் தொடுவாள். இதற்கும் வலிக்கும் தொடர்பு உண்டா?

இயன்முறை

உண்டு. பெய்ட்டன் ஸ்கோர் என்று ஒரு கணக்கு இருக்கிறது, மொத்தம் 9. முன்கையை மேசையில் படிய வைத்துச் சுண்டுவிரலைப் பின்னால் தூக்கினால் 90 பாகையைத் தாண்டுகிறதா: ஒரு கைக்கு 1. கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா: கைக்கு 1. முழங்கை 10 பாகைக்கு மேல் பின்னோக்கி வளைகிறதா: கைக்கு 1. முழங்கால் அதேபோல்: காலுக்கு 1. முழங்காலை மடக்காமல் குனிந்து இரு உள்ளங்கையும் தரையில் படுகிறதா: 1. பருவமடைந்தபின் 50 வயது வரை 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மூட்டுகள் பொதுவாகத் தளர்வானவை என்று கொள்வோம். வலியே இல்லாமல் 7, 8 எடுப்பவர்கள் ஏராளம், ஆகவே ஸ்கோர் மட்டுமே நோய் அல்ல. தோள், இடுப்பு, கணுக்கால் இந்தக் கணக்கில் வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வலி ஏன் வருகிறது? மூட்டைக் கட்டிப்பிடிக்க வேண்டிய தசைநார் தளர்ந்திருப்பதால் அந்த வேலையையும் தசையே செய்கிறது. நாள் முழுக்க இழுத்துப் பிடித்த தசை சாயங்காலம் குடையும். மூட்டைவிட்டு நடுத்தொடையும் முன்கையும் வலிப்பது இதனால்தான். எக்ஸ்ரேயில் காண இதில் ஒன்றும் இல்லை.

இங்கே பெரிய தவறு, "இறுக்கமா இருக்கு" என்று நீட்டி வளைக்கும் பயிற்சி செய்வது. அப்போதைக்கு இதமாக இருக்கும், தளர்வு கூடும், வலியும் கூடும். தேவை பலம். முழங்காலுக்கு: காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்தி 5 முதல் 10 விநாடி பிடித்து விடவும், 10 தடவை, காலை மாலை. பின்பு சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை 30 முதல் 45 பாகை வரை மட்டும் மடக்கி நிற்கலாம். தோளுக்கும் மணிக்கட்டுக்கும்: சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, முழங்கையைக் கடைசி வரை பூட்டாமல். நிற்கும்போதும் முழங்காலைப் பின்னால் பூட்டி நிற்கும் பழக்கம் இருக்கும். அதை விடுவதே பாதி சிகிச்சை. எழுதும்போது பேனாவுக்குத் தடித்த பிடி போட்டால் விரல் கணு பின்னால் வளையாது.

அளவு எப்படித் தெரியும்? பயிற்சியால் வலி பத்துக்கு இரண்டு புள்ளிக்குமேல் ஏறக் கூடாது, ஏறியதும் 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். நல்ல நாளில் மொத்த வீட்டு வேலையையும் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பதுதான் பலரும் சிக்கும் சுழல். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு. தசை பலப்பட 6 முதல் 12 வாரம் பிடிக்கும், இரண்டாவது வாரத்தில் "பலனில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

வைகறை

தூங்கியும் அசதி போகவில்லை என்பதையும் விட்டுவிடக் கூடாது. உடம்பின் இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ், நடு என ஐந்து பகுதிகளில் நாலிலாவது வலி, மூன்று மாதத்துக்கு மேல், கூடவே தூக்கக் கேடு, அசதி, மறதி என்றால் ஃபைப்ரோமயால்ஜியாவைக் கணக்கில் எடுக்க வேண்டும். மூட்டுத் தளர்வும் அதுவும் ஒருவருக்கே சேர்ந்து வருவதுண்டு. "டென்ஷன்" என்று தள்ளிவிடும் விஷயம் அல்ல அது. நரம்பு மண்டலம் வலியைக் கூட்டிக் காட்டுகிறது, வலி உண்மையான வலி. ஐபுப்ரோஃபென் வகை இதற்குப் பெரிதாகக் கேட்பதில்லை. மெதுவாகத் தொடங்கி ஏற்றும் நடை, நேரம் தவறாத தூக்கம், தேவைப்பட்டால் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், அல்லது டுலாக்ஸிட்டின், ப்ரீகாபாலின். மருந்தை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறு உழைப்புக்கே ஒரு நாள் கழித்து உடம்பு முழுக்க அடித்துப் போட்டு, அது நாள்கணக்கில் நீண்டால் மட்டும் நடையை ஏற்றும் திட்டம் பொருந்தாது. அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

தணிக்கிறது என்ற அந்த மாத்திரையின் பெயர் என்ன? அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். பாராசிட்டமாலா, டைக்ளோஃபெனக் வகையா என்பதே ஒரு துப்பு: அழற்சி வலி பின்னதற்கு ஓரிரு நாளில் நன்றாகவே கேட்கும். அந்த வகையில் இரண்டை ஒன்றாகப் போட வேண்டாம். பெயரில்லாத பொடியோ உருண்டையோ ஒரே நாளில் வலியை முழுக்க எடுத்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. அப்படி எதையாவது வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தென்னங்கீற்று

மாத்திரை அசிக்ளோஃபெனக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. வலிக்கும்போது மட்டும் ஒன்று போடுகிறாள். பொடி எதுவும் இல்லை. ஸ்கோர் 6 வந்தது. சிறுநீர்ப் பரிசோதனையும் டி, டிஎஸ்எச், சிகேயும் கொடுத்துவிட்டு இரண்டு வாரக் குறிப்போடு போகிறோம்.

இயன்முறை

நல்லது. குறிப்பில் வலிக்கு மதிப்பெண் போடுவதோடு முந்தின நாள் எவ்வளவு நடந்தாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். துண்டை அழுத்தும் பயிற்சியை இன்றே தொடங்கலாம், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.