ஃபிங்கர், விஐபிடபிள்யூ, நியூகுரூப்: பழைய பயனர் கணக்குக் கட்டளைகள் இன்றும் தேவைதானா?

கேள்வி:
லினக்ஸ் சேவையக நிர்வாகம் பழகிவருகிறேன். பயனர் கணக்குகளை எல்டாப் போன்ற மையக் கோப்பகத்திலேயே உருவாக்கி, உரிமைகளையும் அங்கிருந்தே வழங்கும் இந்நாளில், இந்தப் பழைய கட்டளைகளைக் கற்பதில் பயன் உண்டா?

மறுமொழி 1:
எல்லாவற்றையும் ஒன்றாகக் கருத வேண்டாம். ஃபிங்கரைத் தயங்காமல் விட்டுவிடலாம். யார் உள்நுழைந்திருக்கிறார்கள் என்பதை வெளியாருக்கும் சொல்லிவிடும் அதன் சேவைநிரலில் இருந்த நினைவகப் பிழை, 1988 நவம்பரில் மாரிஸ் புழு என்னும், இணையத்தில் தானாகவே பரவும் நிரல் பரவிய வழிகளுள் ஒன்று. கடவுச்சொல் கோப்பைத் திருத்த உதவும் விஐபிடபிள்யூ அப்படிப்பட்டதன்று. கடவுச்சொல் கோப்பைச் சாதாரணத் தொகுப்பியில் திறந்து திருத்தும்போது, வேறொரு நிரலும் அதையே மாற்றினால் ஒருவரின் திருத்தத்தை மற்றவரின் திருத்தம் அழித்துவிடும். இக்கட்டளையோ கோப்பைப் பூட்டிய பிறகே திருத்த விடுகிறது. இந்தக் கவனத்துக்காகவே அதை மதிக்கிறேன்.

மறுமொழி 2:
மையக் கோப்பகத்துடனான இணைப்பு அறுந்த ஓர் இரவில், உள்ளூர்க் கணக்கு ஒன்றின் வழியாகத்தான் என்னால் சேவையகத்துக்குள் நுழைய முடிந்தது. அதன் கடவுச்சொல் காலாவதியாகும் நாளைச் சேஜ் கட்டளையால் முன்பே சரிபார்த்திருந்தது பெரிதும் உதவியது. நியூகுரூப்பும் பயனுள்ளதே: புதிதாக ஒரு குழுவில் சேர்க்கப்பட்டவர், வெளியேறி மீண்டும் நுழையாமலேயே அக்குழுவின் உரிமையுடன், கட்டளைகளை ஏற்று இயக்கும் ஷெல் நிரலைப் புதிதாகத் தொடங்கலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், பயனரைக் குழுக்களில் சேர்க்கவும் கணக்கை மாற்றவும் உதவும் யூசர்மாட் கட்டளையையும் கவனமாகக் கற்க வேண்டும் போலிருக்கிறது.

மறுமொழி 2:
கட்டாயம். சேர்க்கச் சொல்லும் சிறிய ‘ஏ’ விருப்பத்தைத் தராமல் துணைக் குழுவைக் குறிப்பிட்டால், பயனர் தம் பிற துணைக் குழுக்கள் அனைத்திலிருந்தும் நீக்கப்பட்டுவிடுவார்.