தகழி பேருக்குத்தான் வக்கீலா?

கச்சேரிக்காரன்:
வேறொரு இழையில் ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்: "மலையாள நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை பேருக்குத்தான் வக்கீல். பிளீடர் பரீட்சை எழுதியவரையெல்லாம் வக்கீல் எழுத்தாளர் வரிசையில் சேர்க்காதீர்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷர் திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து, அம்பலப்புழை முன்சீப் கோர்ட்டில் தொழில் செய்தவர். 'என்டெ வக்கீல் ஜீவிதம்' என்று தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். பேருக்கு வக்கீல் அப்படியொரு புத்தகம் எழுதுவாரா?

புஞ்சைக்காடு:
அந்த 'ஒருவர்' நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். பட்டமில்லாமல் கீழ்க்கோர்ட்டில் வாதாட எழுதும் பிளீடர் பரீட்சை வேறு, பி.எல். என்கிற சட்டப் பட்டம் வேறு, அவ்வளவுதான் சொன்னேன். அவர் குட்டநாட்டு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 'இரண்டிடங்கழி' நாவலில் (1948) பண்ணைக் கூலிகளான கோரனும் சிருதையும் படும் பாடு வயலிலிருந்து வந்தது. கோர்ட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கச்சேரிக்காரன்:
வயலிலிருந்து வந்ததாம்! தகழி நாயர், கோரன் புலையன். வரப்பில் நின்றது யார், சேற்றில் இறங்கியது யார் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

அப்புறம், 'கயிறு' (1978) எப்படி ஆரம்பிக்கிறது? நிலத்தைத் தரம் பிரிக்க 'கிளாசிப்பேர்' என்கிற அதிகாரி ஊருக்கு வருகிறார். எந்த நிலம் எந்தத் தரம் என்று அவர் பேனா எழுதுவதுதான் சட்டம். ஊர்ப் பெரியமனிதர்களெல்லாம் அவரையே சுற்றி வருகிறார்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிற நாவலுக்கு வாசல்படியே நில அளவைதான். வழக்குக்கட்டைப் பிரித்துப் பார்க்காதவனுக்கு இது தோன்றாது.

'செம்மீன்'? மீனவன் செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்க வியாபாரி பரீக்குட்டியிடம் கைநீட்டிக் கடன் வாங்குகிறான். பத்திரம் கிடையாது. திருப்பித் தரவும் இல்லை. அந்தக் கடனை நினைத்து மகள் கறுத்தம்மா புழுங்குகிறாள். முன்சீப் கோர்ட்டு வாசலில் தினமும் நிற்கிற வழக்கு இது.

புஞ்சைக்காடு:
கைமாற்றுக் கடன் தெரிய வக்கீலாக வேண்டுமா? எங்கள் தெரு மளிகைக்காரரும் நாவல் எழுதலாம் போலிருக்கிறதே. பிளீடர் பரீட்சை பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நெய்தல்வாசகி:
'செம்மீன்' என்றதும் வந்தேன். 1957இல் சாகித்திய அகாதெமி விருது, படத்துக்கு ஜனாதிபதி தங்கப் பதக்கம், எல்லாம் சரி. கரையில் மனைவி கற்போடிருந்தால்தான் கடலுக்குப் போனவன் திரும்புவான் என்பதை மீனவர் தலையில் கட்டிவிட்டாரே, அதைப் பேசுவீர்களா? எங்கள் ஊரில் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தையில் வியாபாரிகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள். கடலம்மா கோபத்துக்கு நடுங்கிக்கொண்டு யாரும் குடிசையில் உட்கார்ந்திருக்கவில்லை.

கச்சேரிக்காரன்:
அம்மா, அதற்குத் தனி இழை திறங்கள். இங்கே பேச்சு அவர் வக்கீலா இல்லையா என்பது.

நெய்தல்வாசகி:
இழை உங்கள் அப்பா வீட்டுச் சொத்தா? போன மாதமும் இப்படித்தான் என்னை விரட்டினீர்கள்.

பழையகடை:
சண்டைக்கு நடுவே ஒன்று. 'தோட்டியின் மகன்' (1947) யாரைப் பற்றி? ஆலப்புழையில் மலம் அள்ளிய நம் தமிழாட்களைப் பற்றி. இசக்கிமுத்து, சுடலைமுத்து என்று பேரே சொல்கிறது. வாளியும் மண்வெட்டியுமாகத் திரிந்தவர்களை ஒரு மலையாளி நாவலாக்கினார். சுந்தர ராமசாமி தமிழில் கொண்டுவந்ததால்தான் நாமும் படித்தோம். அந்த நாளில் நம் எழுத்தாளர்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

புஞ்சைக்காடு:
வந்துவிட்டார் தமிழனை மட்டம் தட்ட! அண்ணே, உங்களுக்கு எந்த இழையானாலும் கடைசியில் இதே பாட்டுத்தான்.

பழையகடை:
உண்மை சுட்டால் நான் என்ன செய்ய?

கச்சேரிக்காரன்:
அதே நாவலில் சுடலைமுத்து வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை நகராட்சித் தலைவரை நம்பிக் கொடுக்கிறான். அது அவன் கைக்குத் திரும்பவில்லை. மறுபடியும் ரசீது இல்லாத பணம்! நான் சொல்வது இப்போதாவது ஏறுகிறதா? 1984இல் ஞானபீடம் கொடுத்தவர்கள் பி.எல். சான்றிதழைக் கேட்டார்களா?

புஞ்சைக்காடு:
ஞானபீடம் எழுத்துக்கு, வாதாடியதற்கு அல்ல. ஆக, பிளீடர் பரீட்சைதான் என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

கச்சேரிக்காரன்:
எங்கே ஒப்புக்கொண்டேன்? வரியைக் காட்டுங்கள்.

நெய்தல்வாசகி:
கற்பு பற்றிக் கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

கச்சேரிக்காரன்:
வரியைக் காட்டுங்கள் சார். காத்திருக்கிறேன்.