அப்பா ரிப்போர்ட்டில் 22/41: தங்கை டெஸ்ட் எடுக்கணுமா?

திற்பரப்பு_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 47 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு போய், தடியில் படாமல் பட்டையை மட்டும் சீவுகிற கை. சில வருஷமாக மரத்தில் காயம் விழ ஆரம்பித்தது. சரிவில் இறங்கும்போது காலை அகட்டி வைப்பார். குடித்துவிட்டு வருகிறார் என்று தோட்டக்காரர் வேலையை நிறுத்திவிட்டார். அப்பா கள்ளுகூடத் தொட்டதில்லை. இப்போது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் கண் சட்டென்று வருவதில்லை, தலையோடுதான் திரும்புகிறார்.

திருவனந்தபுரத்தில் காட்டினோம். ரிப்போர்ட்டில் எஸ்சிஏ 2 (பரம்பரையாக வரும் தள்ளாட்ட நோயாம்), ஏடிஎக்ஸ்என்2 ஜீன், சிஏஜி ரிப்பீட் 22/41 என்று இருக்கிறது. பாட்டாவுக்கும் இதே தள்ளாட்டம், ஆனால் 60 தாண்டித்தான் வந்தது. அப்பாவுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம்? அம்மாவும் அப்பாவும் சொந்தத்தில் கட்டியவர்கள், அதனால்தான் என்கிறார்கள் உறவில். தங்கைக்கு 23 வயது, மார்த்தாண்டத்தில் ஒரு சம்பந்தம் பேசுகிறோம். வெளியே தெரியுமுன் டெஸ்ட் எடுத்துவிடு என்று மாமா ஒரே பிடி. ஒரு லேபில் எக்ஸோம், அதாவது எல்லா ஜீனையும் சேர்த்துப் படிக்கிற டெஸ்ட், எடுக்கச் சொன்னார்கள். என்ன செய்ய?

தக்கலை_அக்கா:
தம்பி, ஜெனடிக் லேபில் இந்த ரிப்பீட்டை, அதாவது டிஎன்ஏவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து எத்தனை தடவை திரும்ப வருகிறது என்று, எண்ணுவதுதான் பல வருஷம் என் வேலை. சொந்தத்தில் கட்டிய கதையை முதலில் விடு. ஒரு ஜீனுக்கு இரண்டு பிரதி, அதான் இரண்டு எண். 41 பாட்டா வழி வந்தது, 22 பாட்டி கொடுத்த நல்ல பிரதி. இந்த நோய்க்கு ஒரு பிரதி கெட்டாலே போதும், அம்மா யாராக இருந்தாலும் இதுதான். ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா மாதிரி இரண்டு பிரதியும் கெட வேண்டிய நோய் என்றால் சொந்தம் பற்றிப் பேசலாம்.

31 வரை பிரச்சினை இல்லை. 35-ம் அதற்கு மேலும் நோய். நடுவில் இழுபறி. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நல்ல 22 என்பது பெரும்பாலும் வரிசையாக 22 சிஏஜி கிடையாது. எட்டு சிஏஜி, ஒரு சிஏஏ, நாலு சிஏஜி, மறுபடி ஒரு சிஏஏ, எட்டு சிஏஜி. சிஏஏயும் சிஏஜி மாதிரி ஒரு மூன்றெழுத்துதான். இரண்டுமே குளுட்டமின் என்ற ஒரே புரதத் துண்டைத்தான் குறிக்கும், புரதத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது அந்த சிஏஏதான் பிடிமானம். செபமாலையில் பெரிய மணியை எடுத்துவிட்டு வெறும் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிப் பார், எண்ணிக்கை எங்கே நிற்கும்? நோயுள்ள பிரதியில் பெரும்பாலும் அந்த சிஏஏ இருக்காது, அதனால் அடுத்த தலைமுறைக்குப் போகும்போது எண் ஏறும். அப்பா வழியாகப் போகும்போது கூடுதலாக ஏறும். 200 தாண்டிப் பிறந்த குழந்தைகளும் உண்டு. பொதுவாக எண் கூடினால் நோய் சீக்கிரம் வரும். பாட்டாவுக்கு 37, 38 இருந்திருக்கலாம், அதான் தாமதம். ஆனால் எண்ணை வைத்து எந்த வயதில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே எண் உள்ள இரண்டு பேருக்குப் பல வருஷ வித்தியாசத்தில் தொடங்கும்.

எக்ஸோமுக்குக் காசு கொட்டாதே. அது டிஎன்ஏவைத் துண்டு துண்டாகப் படிக்கும், நீண்ட ரிப்பீட்டை நம்பி எண்ணாது. குடும்பத்தில் எந்த ஜீன் என்று தெரிந்தாகிவிட்டது, அந்த ஒரு இடத்தைப் பிசிஆரில் பெருக்கி நீளம் பார்த்தால் போதும்.

தங்கைக்கு வாய்ப்பு சரிபாதி. உனக்கும் அப்படியே, ஒருத்தருக்கு வந்தால் மற்றவர் தப்புவார் என்ற கணக்கு இல்லை. நோயை நிறுத்த மருந்து இன்னும் வராத நிலையில், அறிகுறியே இல்லாத பிள்ளையை மாமா சொன்னார் என்று லேபுக்குக் கூட்டிப் போவது அநியாயம். அவளாகக் கேட்டால், முதலில் ஜெனடிக் கவுன்சலிங், அப்புறம் ரத்தம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

குளச்சல்காரி:
அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் ‘வெளியே தெரியுமுன்’ என்றதுதான் எனக்கு உறுத்துகிறது. என் வீட்டுக்காரருக்கு ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய். அதுவும் சிஏஜிதான், வேறு ஜீன். பெண் பார்க்க வந்தபோது மாமனார் கை கால் துள்ளிக்கொண்டே இருந்தது, ‘நரம்புத் தளர்ச்சி’ என்று முடித்துவிட்டார்கள். விஷயம் தெரியும்போது மடியில் இரண்டு பிள்ளைகள். தெரிந்திருந்தாலும் கட்டியிருப்பேனோ என்னவோ, அந்த முடிவை எனக்கு விட்டிருக்கணும். டெஸ்ட் எடுக்காதீங்க, ஆனால் அப்பாவுக்கு என்ன நோய் என்பதை அந்தப் பையனிடம் சொல்லுங்க.

தக்கலை_அக்கா:
குளச்சல் தங்கச்சி, பையனிடம் என்றால் சரி. ஊர் முழுக்க வேண்டாம். யார் சொல்வது என்பதையும் அந்தப் பிள்ளையே முடிவு பண்ணட்டும்.

திற்பரப்பு_தம்பி:
தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். அவளே பையனிடம் போனில் பேசுகிறாளாம். டெஸ்ட் இப்போதைக்கு வேண்டாம் என்கிறாள். மாமா இரண்டு நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பாவுக்கு ஏதாவது செய்ய முடியுமா அக்கா?

தக்கலை_அக்கா:
பிசியோவை விடாதே, பேலன்ஸ் பயிற்சி உண்மையிலேயே உதவும். குளியலறையில் கைப்பிடி வை. தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா என்று கவனி, ஏறினால் உடனே டாக்டரிடம் சொல். அந்தத் தோட்டக்காரரிடமும் ரிப்போர்ட்டை ஒரு தடவை நீட்டிவிட்டு வா.