ஸ்டெல்த் விமானம் வரைய உதவி வேண்டும்

அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் நடத்தும் ஓவியப் போட்டிக்கு ஒரு ஸ்டெல்த் போர் விமானம் (ரேடாரில் எளிதில் சிக்காத வகை) வரைகிறேன். சொந்த வடிவமைப்பாக இருக்க வேண்டுமாம். அமெரிக்காவின் எஃப்-22 போர் விமானம் போல இரண்டு வால்களையும் வெளிப்பக்கம் சாய்த்து, ஏவுகணைகளை வயிற்றுக்குள் வைத்துவிட்டேன். அவர்களுடைய பழைய ஸ்டெல்த் விமானமான எஃப்-117இன் தட்டைத் தகடுகள் வேண்டாம், அது 1981இலேயே பறந்த பாணி.

சிக்கல் காற்று உள்ளே போகும் குழாயில்தான். எஞ்சின் விசிறி முன்னாலிருந்து தெரிந்தால் ரேடார் அலை பட்டுத் திரும்பிவிடும். அதனால் குழாயைப் பாம்பு மாதிரி வளைக்க வேண்டும். வளைத்தால் ஏவுகணை அறைக்கு இடமில்லை. இரண்டையும் எப்படி அடக்குவது? குறுக்குவெட்டுப் படம் போடத் தெரிந்தவர்கள், மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் வேலை பார்த்தவர்கள் (அங்கே ராக்கெட் எஞ்சின்தான், சரி, கேட்டு வைப்போம்) பென்சிலில் கிறுக்கி அனுப்பினாலும் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.