பைபையில் நம்பை ஆமை வேகம், அவசரம்ங்க

சோமனூர்_நூல்:
வணக்கம்ங்க. வழக்கமான பைத்தானுக்குப் பதில் பைபை என்ற வேறு இயக்கியைப் போட்டால் பைத்தான் நிரல் பறக்கும் என்று கேள்விப்பட்டு நேற்று ராத்திரி மாறினேன். நம்பை என்ற எண் கணக்கு நூலகம் வைத்து எழுதிய நிரல் முன்பு 6 நொடியில் முடியும், இப்போது 21 நொடி. நிரலில் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. காலையில் மில்லில் மேனேஜரிடம் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்க.

பவானிக்கரை:
எந்த பைபை, எந்த நம்பை? நம்பையை நிறுவியது பிப்பிலா, கோண்டாவிலா? நிரல் என்ன செய்கிறது? ஜாதகமே தராமல் பொருத்தம் பார்க்கச் சொன்னால் எப்படிங்க?

காங்கயம்_காளை:
சார்ஜர் மாட்டியிருக்கிறதா? பேட்டரியில் என் லேப்டாப்பும் இப்படித்தான் படுக்கும்.

பவானிக்கரை:
சார்ஜரை விடுங்கள். உங்கள் பைபைக்குத் தயார் வீல், அதாவது கட்டி முடித்த பொதி, கிடைக்கவில்லை என்றால் பிப் மூலநிரலை எடுத்துத் தானே கட்டும். அந்த நேரம் ஓபன்பிளாஸ் என்ற கணித நூலகம் இல்லையென்றால் அணிப்பெருக்கல் போச்சு. நம்பை எப்படிக் கட்டப்பட்டது என்று காட்டும் ஷோ_கான்ஃபிக் ஓட்டி வருவதை ஒட்டுங்கள். இதுதான், பந்தயம்.

சோமனூர்_நூல்:
சார்ஜரில்தான் இருக்கிறது. அணிப்பெருக்கலே கிடையாதுங்க. நூல் தடிமன் அளவு 40 லட்சம் ஒரு நம்பை அர்ரேயில் இருக்கிறது. ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து மெல்லிய இடம், தடித்த இடம் எண்ணுகிறேன். அவ்வளவுதான்.

மூத்த_பைத்தான்:
"அவ்வளவுதான்" என்று கடைசியில் சொன்னதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

நம்பையின் உள்ளே இருப்பது சி மொழி நிரல். அது சிபைத்தானின், அதாவது நாம் வழக்கமாக ஓட்டும் பைத்தானின், பொருள்கள் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருக்கும், ஒவ்வொன்றும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைத்திருக்கும் என்று நம்பி எழுதியது. பைபையில் இரண்டும் இல்லை. தேவையற்ற பொருள்களை நினைவகத்திலிருந்து நீக்கும் அதன் குப்பை சேகரிப்பான் மற்றவற்றை இடம் மாற்றும். அதனால் சிபிஎக்ஸ்ட் என்ற அடுக்கு நடுவில் நின்று சிபைத்தான் மாதிரி வேஷம் போடுகிறது. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் அதற்குக் கூலி உண்டு. நிரலை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் பைபையின் ஜிட்டாலும் சி-க்குள் எட்டிப் பார்க்க முடியாது.

ஜிஎஸ்டிக்கு முன்னால் வாளையார் செக்போஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? ஒரு லாரி லோடை ஒரே தடவையில் தாண்டவிடலாம். நீங்கள் 40 லட்சம் கோனையும் ஒவ்வொன்றாக சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய் வரிசையில் நிற்கிறீர்கள்.

லூப்புக்கு முன்னால் அர்ரேயை டோலிஸ்ட் போட்டுச் சாதாரணப் பைத்தான் பட்டியலாக்குங்கள். தசம எண்கள் மட்டுமே உள்ள பட்டியலை பைபை வெறும் எண்களாகவே அடுக்கி வைக்கும், ஜிட் அதைத் தூக்கிச் சாப்பிடும்.

பொள்ளாச்சி_இளநீர்:
எதற்குங்க இவ்வளவு? சிபைத்தானுக்கே திரும்பி நம்பா என்ற முடுக்கியைப் போட்டால் லூப் பறக்கும். நம்பா பைபையில் ஓடாது. அப்புறம் அந்த 21 நொடியை எப்படி அளந்தீர்கள்? நேரம் அளக்கும் டைம்இட் வைத்து சிபைத்தான், பைபை இரண்டையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். சிபைத்தானின் டைம்இட் சிறந்த ஓட்டத்தைச் சொல்லும், பைபையினுடையது சராசரியும் விலகலும் சொல்லும். என்னை நம்பாதே, பைபெர்ஃப் போடு என்று அதுவே எச்சரிக்கை வேறு தரும்.

அவினாசி_ரேப்ரீல்:
சராசரிதான் சரி. நூல் கவுண்ட், அதாவது பருமன் எண், பார்க்க 120 கஜ நூலை ஒரு லீயாகச் சுற்றி எடை போடுகிறோம். ஒரு நல்ல லீயை மட்டும் வைத்தா கவுண்ட் எழுதுகிறோம்? சராசரியும், ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சிவி சதவீதமும் எழுதுகிறோம்.

மூத்த_பைத்தான்:
நூலும் நேரமும் ஒன்றா? நூல் கனமாகவும் போகும், மெலிதாகவும் போகும். நிரலோ, வேறு வேலைகள் குறுக்கே வந்தால் மெதுவாகத்தான் ஆகும், எந்த இடைஞ்சலும் அதை வேகமாக்காது. குறைந்தபட்ச நேரம்தான் நிரலின் உண்மையான நேரம்.

அவினாசி_ரேப்ரீல்:
சிபைத்தானுக்கு அது பொருந்தும். பைபையில் ஜிட் சூடேறும் நேரமும், குப்பை சேகரிக்க நிற்கும் நேரமும் இடைஞ்சல் இல்லைங்க, நிரலின் பாகம். குறைந்தபட்சம் எடுத்தால் இரண்டையும் மறைத்துவிடுகிறீர்கள். மேனேஜர் காத்திருப்பது முதல் ஓட்டத்துக்கு.

காங்கயம்_காளை:
இப்போது 40-ஆம் நம்பர் நூல் என்ன விலை போகிறது?

பவானிக்கரை:
ஷோ_கான்ஃபிக் இன்னும் வரவில்லை.

சோமனூர்_நூல்:
டோலிஸ்ட் போட்டேன், லூப் ஒரு நொடிகூட இல்லை. ரொம்ப நன்றிங்கண்ணா. ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன்.

பவானிக்கரை:
சந்தோஷம். எந்தப் பதிப்பு என்றாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.